ஊருக்குப் புறப்படுமுன் பிரேக்கைப் பாருங்கள்

சித்திரை பிறந்தால் மும்பைத் தமிழர் இல்லங்களில் இரண்டு பேச்சுகள்தாம் கேட்கும். ஒன்று பிள்ளைகளின் பரீட்சை. மற்றொன்று ஊருக்குப் போகும் டிக்கெட். இரண்டாவதைப் பற்றி நம்மைக் கேளாத அன்பர் மாதுங்கா முதல் டோம்பிவிலி வரை ஒருவரும் இலர். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்போரின் சட்டைப் பையில் காலிப் படுக்கைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று பலரும் நம்புகிறார்கள். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்ட பின் அந்த நம்பிக்கை இன்னும் வலுத்திருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

டிக்கெட் அகப்படாதவர்களில் சொந்த மோட்டார் வைத்திருப்போர் சாலை வழியே புறப்பட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். புனே, சதாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், ஓசூர் என்று நீளும் வழி. பின் இருக்கையில் பெரியவர்களும் குழந்தைகளும், காலடியில் தண்ணீர்க் குடுவையும் புளிசாத மூட்டையும், கூரைமேல் பெட்டிகள். போகும்போது தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் சரியும் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. திரும்பும்போது கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும் மலைச்சரிவு இருக்கிறது. இவ்விரண்டு சரிவுகளிலும் பாரவண்டிகள் பிரேக் பிடிக்காமல் முன்னே சென்றவற்றின்மேல் மோதிய செய்திகளை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆகவே இம்மாதம் வேறு விஷயங்களை ஒதுக்கிவிட்டு, மோட்டாரின் முன் சக்கரத்துப் பிரேக்கைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

முலுண்டிலிருந்து ஓர் அன்பர் எழுதிய கடிதமும் இதற்கு ஒரு காரணம். அவருடையது ஐந்து வயதான சிறிய வண்டி. 45,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிரேக்கை மிதித்தால் முன்புறம் கீச்சென்ற ஒலி எழுகிறது. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பேட், டிஸ்க் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கூறி, கூலியும் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டிஸ்க்கை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, "காட் ரோட்டில் போகிறீர்கள், வண்டியில் குடும்பம் இருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்" என்று விடை வந்ததாம். அன்பர் நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார். பேட் மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்ய இயலுமா? டிஸ்க்கையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா? நானே மாற்றினேன் என்று சொன்னால் என் இல்லாள் அந்த வண்டியில் ஏறுவாளா?

குடும்பத்தைக் காட்டி அச்சுறுத்தி வியாபாரம் செய்வது நமக்கு உவப்பானதன்று. ஆயினும் மூன்றாவது கேள்வியை நகைப்புக்குரியதாக நாம் கருதவில்லை. மற்ற இரண்டைக் காட்டிலும் அதுவே பெரிய கேள்வி. ஏறத் தயங்கும் அந்த அம்மையாரின் பக்கம் நின்றே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் மெக்கானிக் அல்லோம்; பேனா பிடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்; படிப்பும் பள்ளி இறுதி வகுப்போடு நின்றது. இந்த வேலையை நமக்குக் கற்பித்தவர் அடுத்த வீட்டில் வசிக்கும் ஒரு பெரியவர். மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் கார் ஷெட்டில் பிட்டராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டிப் பக்கத்தவர் ஆகையால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் முதலில் கற்பித்தது ஸ்பேனர் பிடிப்பதையன்று. ரயில் பிரேக்குக்கும் மோட்டார் பிரேக்குக்கும் உள்ள வேற்றுமையை.

ரயிலின் அடியில் எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை ஒரே குழாய் ஓடுகிறது. அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிரம்பியிருக்கும். அந்த அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் தனியே சேமித்து வைத்திருக்கும் காற்று பாய்ந்து பிரேக்கைப் பிடித்துவிடும். டிரைவர் குறைத்தாலும், பயணி சங்கிலியை இழுத்தாலும், நடுவே இணைப்பு அறுந்து பெட்டிகள் பிரிந்தாலும் விளைவு ஒன்றே. 1872-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹௌஸ் என்னும் அமெரிக்கர் கண்ட உபாயம் இது. அதற்கு மூன்றாண்டு முன் அவரே செய்த பிரேக்கில் குழாய் உடைந்தால் தடையும் போய்விடும். அந்தக் குறையை அவர் தலைகீழாகத் திருப்பிவிட்டார்.

மோட்டார் அப்படியன்று. நாம் காலால் மிதிக்கும் பெடல் ஓர் உருளையிலுள்ள எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் குழாய் வழியே சென்று, சக்கரத்தருகே உள்ள காலிப்பர் என்னும் இரும்புக் கவ்வியில் ஒரு பிஸ்டனை நகர்த்துகிறது. பிஸ்டன் இரண்டு பட்டைகளைக் கொண்டு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கிறது. எண்ணெய் ஒழுகினாலும் பட்டை தேய்ந்து தீர்ந்தாலும் அந்தச் சக்கரத்தில் பிடிப்புக் குறையும். இக்காலத்து வண்டிகளில் எண்ணெய் வழியை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓரளவு கை கொடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் ரயிலில் குறை நேர்ந்தால் வண்டி தானே நின்றுவிடும், மோட்டாரில் குறை நேர்ந்தால் வண்டி நில்லாது என்ற பேதம் மாறவில்லை. ரயிலில் இயந்திரம் தானே பார்த்துக்கொள்ளும் காவலை மோட்டாரில் மனிதர்தாம் பார்க்க வேண்டும்.

பட்டறையில் பிரேக் பேட் என்று சொல்வது இந்தப் பட்டைகளையே. ஓர் இரும்புத் தகட்டின்மேல் ஒட்டிய உராய்வுப் பொருள், அவ்வளவுதான். ஒரு சக்கரத்துக்கு இரண்டு. முன் சக்கரம் இரண்டுக்கும் நான்கு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. ஆதலால் முன் பட்டைகளே விரைவில் தேய்கின்றன. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என்று கேட்டால் ஒரு கணக்கும் சொல்வதற்கில்லை. சயான் முதல் தாணே வரை நெரிசலில் ஊர்ந்து செல்பவருக்கு ஒரு கணக்கு. அகன்ற நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு வேறு கணக்கு. உராய்வுப் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நன்று. பல பட்டைகளில் ஒரு சிறு தகட்டு நாக்கு வைத்திருப்பார்கள். பட்டை தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். முலுண்டு அன்பர் கேட்ட ஒலி பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். கீச்சொலி போய்க் கரகரவென்று இரும்பு அரைபடும் ஒலி வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் அந்த வண்டியை ஓட்டலாகாது. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் கிண்ணத்தையும் பாருங்கள். பட்டை தேயத் தேயக் கிண்ணத்தில் மட்டம் மெல்ல இறங்கும். சிலர் அதைக் கண்டு உடனே ஆயிலை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். பட்டையைப் பார்க்காமல் நிரப்புவதால் வண்டி கொடுத்த எச்சரிக்கை ஒன்று அழிந்துபோகிறது.

ஆக, முதல் கேள்விக்கு விடை: ஆம், செய்ய இயலும். கை நடுங்காமல் ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவருக்கு ஒரு ஞாயிறு முற்பகல் போதும். ஆனால் அதற்குரிய சாமான் இல்லாதவர் தொடங்கவே கூடாது. இந்த வார்த்தையில் நாம் பிடிவாதமாக இருக்கிறோம். சாமான்களில் தலையாயது ஸ்பேனர் அன்று, ஜாக்கி ஸ்டாண்டு. வண்டியோடு வரும் மடக்கு ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்காகவே கொடுக்கப்பட்டது. அதை மட்டும் நம்பி அச்சின் அருகே கையையும் தலையையும் நுழைப்பது அறிவுடைமையன்று. மூன்று கால் இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கினால் ஆயுள் முழுதும் உழைக்கும். நாலு வீட்டார் சேர்ந்தும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். செங்கல்லையோ கட்டட வேலைக்கு வரும் பொள்ளல் கல்லையோ ஸ்டாண்டாக வைக்கும் வழக்கத்தைப் பல குடியிருப்புகளில் காண்கிறோம். கல் வளையாது, முன்னறிவிப்பின்றிச் சிதறும்.

பட்டைகளை விலாசமுள்ள கடையில் ரசீதோடு வாங்குக. போலிச் சரக்கு புழங்கும் பண்டங்களில் இதுவும் ஒன்று. நூறிருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவன்று. வண்டியின் பெயர், வருஷம், மாதிரி மூன்றையும் சொல்லி வாங்கி, பழையதோடு வைத்து வடிவம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும். இவற்றோடு ஒரு வயர் பிரஷ், சி வடிவ இறுக்கி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ், கையுறை, முகமூடி, வண்டியின் கையேடு இவை வேண்டும். கையேட்டைப் புதிய வண்டியோடு வந்த உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருப்போர் நம்மில் உண்டு.

குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுதல் நலம். சரிவான இடத்தில் இந்த வேலை கூடாது, சமதளம் வேண்டும். பிள்ளைகளை மாடியிலேயே இருக்கச் சொல்லுங்கள். கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பின் பலங்கொண்டு திருகினால் வண்டி ஆடும். கையேட்டில் குறித்த இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, ஸ்டாண்டின்மேல் இறக்கி, கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். ஆடாமல் நின்றால் சக்கரத்தைக் கழற்றி, அதையும் வண்டியின் ஓரத்தடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்டு தவறினாலும் சக்கரம் தாங்கும். அண்ணாச்சி இதை ஒரு நாளும் மறந்ததில்லை.

இப்போது காலிப்பர் கண்ணெதிரே தெரியும். சிறிய வண்டிகள் பலவற்றில் அதன் பின்புறம் மேலும் கீழுமாக இரண்டு போல்ட்டுகள் இருக்கும். கீழ்ப்போல்ட்டைக் கழற்றினால் காலிப்பர் மேல்நோக்கித் திரும்பித் திறந்துகொள்ளும். சிலவற்றில் முழுவதும் கழற்ற வேண்டியிருக்கும். அவ்வாறாயின் அதை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் மேலே கட்டி வையுங்கள்; குழாயின் உள்ளே நேரும் கிழிசல் வெளியே தெரியாது. பழைய பட்டைகளை எடுக்குமுன் கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டால் எது உள்ளே, எது வெளியே, கீச்சிடும் நாக்கு எந்தப் பக்கம் என்ற ஐயம் பிறகு எழாது. ஒரு சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது மற்றதைத் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க ஒரு முழுமையான மாதிரி அங்கே இருக்கும்.

அங்கே படிந்திருக்கும் கருந்தூளை வாயால் ஊதக் கூடாது. காற்றுப் பம்பாலும் அடிக்கக் கூடாது. முன்னாளில் இந்தப் பட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. இன்றைய நல்ல பட்டைகளில் அது இல்லையாயினும் எந்தத் தூளும் மூச்சில் போகத்தக்கதன்று. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பழைய பட்டைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பட்டை மிகத் தேய்ந்து வெளிப்பட்டை அப்படியே இருந்தால், காலிப்பர் வழுக்கி நகரும் ஊசிகள் துருவேறி இறுகியிருக்கக் கூடும். மும்பை மழையில் நான்கு ஆண்டு கிடந்த வண்டிகளில் இது அடிக்கடி காணப்படுவது. அந்த ஊசிகளை உருவித் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவி, விரலால் தள்ளினாலே நகரும்படி செய்ய வேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பர் உறையை ஊதச் செய்துவிடும். பட்டறைகளில் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இதுவே என்பது நம் எண்ணம். நாமே செய்வதில் உள்ள பெரிய லாபமும் இதுதான். கூலி மிச்சமாவது இதற்கு அடுத்தபடி.

இனி டிஸ்க். முலுண்டு அன்பரின் இரண்டாவது கேள்விக்கு விடை டிஸ்க்கின்மேலேயே இருக்கிறது. குறைந்தபட்சக் கனம் இவ்வளவு மில்லிமீட்டர் என்று பெரும்பாலான டிஸ்க்குகளில் பொறித்திருப்பார்கள். அல்லது வண்டிக்குரிய சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். வெர்னியர் காலிப்பர் என்னும் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும். அளவுகோலின் கால்கள் அதன்மேல் உட்கார்ந்தால் கனம் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். இருபுறமும் ஒவ்வொரு ரூபாய் நாணயத்தை வரப்புக்கு உட்புறமாக வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைப் பிறகு கழித்துக்கொள்க. கனம் போதுமானதாயிருந்து, ஆழ்ந்த கீறலோ வெடிப்போ இன்றி, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்காமலும் இருந்தால் டிஸ்க்கை மாற்ற அவசியமில்லை. கனம் குறைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பட்டறைக்காரர் சொன்னது அப்போது சரியாகும். அன்பர் அளந்து பார்த்த பின் அவரோடு வாதாடலாம்.

புதிய பட்டை கனமானது ஆகையால் வெளியே நீண்டிருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் அது நுழையும். பழைய பட்டை ஒன்றைப் பிஸ்டனின்மேல் வைத்து, இறுக்கியை மெல்ல மெல்லத் திருகுங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் திரும்பிக் கிண்ணத்துக்கு ஏறும். யாரேனும் இடையில் நிரப்பியிருந்தால் வழிந்து வண்டியின் வர்ணத்தைத் தின்றுவிடும். கிண்ணத்தில் ஒரு கண் இருக்கட்டும். மிகுந்தால் மருந்துக் கடையில் விற்கும் ஊசிக் குழலால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவிவிடலாம். பிஸ்டன் உள்ளே போக மறுத்தாலோ, அதைச் சுற்றி ஈரக்கசிவோ ரப்பர்க் கிழிசலோ தென்பட்டாலோ, அத்துடன் வீட்டு வேலை முடிந்தது. பழையபடி பூட்டி, நம்பகமான மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்துவர வேண்டும். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

புதிய பட்டைகளை அவற்றிற்குரிய கிளிப்புகளில் பொருத்துங்கள். உராய்வு முகத்தில் கிரீஸோ கைவிரல் எண்ணெயோ படக் கூடாது. காலிப்பரை மூடி, போல்ட்டைக் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்கி, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பின் முழு இறுக்கம் கொடுங்கள். பிறகு அடுத்த சக்கரம். ஒரு பக்கம் மட்டும் புதுப் பட்டை போடுவது ஆகாது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

எல்லாம் பூட்டியாயிற்று, கை கழுவியாயிற்று. அப்போதுதான் ஆபத்து வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டனை நாம் உள்ளே தள்ளிவிட்டோம் அல்லவா? ஆகவே பட்டைக்கும் டிஸ்க்குக்கும் இடையே இப்போது வெளி இருக்கிறது. முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். பிரேக் அணுவளவும் பிடிக்காது. வேலை முடிந்த மகிழ்ச்சியில் எஞ்சினை முடுக்கி வண்டியை நகர்த்துபவர், எதிரே சுவர் வரும்போதுதான் அதை அறிவார். சுவர் வந்தால் பாக்கியம். குடியிருப்பின் வாயிலில் சைக்கிள் விடும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் அண்ணாச்சி நம்மை ஒரு கேள்வி கேட்டார். "ஏன் தம்பி, ரயிலு புறப்படுததுக்கு முன்னால கார்டு எதைப் பாக்காரு?" கொடி, சிக்னல், கடிகாரம் என்று சொல்லிப் பார்த்தோம். "அதெல்லாம் பெறவு. மொதல்ல தன் பெட்டியில இருக்க முள்ளைப் பாப்பாரு" என்றார். உண்மையே. 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று அழைக்கப்படும் கார்டின் பெட்டியில் அழுத்தங்காட்டும் கருவி ஒன்று உண்டு. எஞ்சினில் ஏற்றிய அழுத்தம் கடைசிப் பெட்டி வரை வந்து சேர்ந்ததா, பின்னால் குறைத்தால் முன்னால் தெரிகிறதா என்று சோதித்த பிறகே தொடக்க நிலையத்திலிருந்து வண்டி கிளம்பும். சோதனை முடியாவிட்டால் யார் அவசரப்பட்டாலும் அது நகராது. 1863-ல் திறந்த போர் காட் இருப்புப்பாதையில் 37 அடிக்கு ஓர் அடி என்ற செங்குத்தான சரிவு இருக்கிறது. அதில் கட்டிழந்து வரும் வண்டியை ஏற்றத்தில் திருப்பி நிறுத்துவதற்கென்றே தனிக் கிளைப்பாதைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். அத்தனை காவல் உள்ள ரயிலுக்கே அச்சோதனை என்றால், காவலேதுமற்ற மோட்டாருக்கு எத்தனை வேண்டும்?

ஆதலால் எஞ்சினை முடுக்காமல், பெடலை நிதானமாகப் பத்துப் பதினைந்து முறை மிதியுங்கள். சில மிதிகளுக்குள் அது உயர்ந்து கெட்டிப்படும். பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடியுங்கள். உதவிக் கருவி வேலை செய்யத் தொடங்குவதால் சற்றே இறங்கி நிற்கும், அது இயல்பு. அரை நிமிஷம் அழுத்தியும் மேலும் மேலும் அமிழ்ந்துகொண்டே போகுமாயின் எங்கோ கசிவோ காற்றோ இருக்கிறது, வண்டியை அசைக்காதீர்கள். கெட்டியாக நின்றால் இறங்கி, இரண்டு சக்கரத்தின் உட்புறமும் ஈரம் தெரிகிறதா என்று பார்த்து, ஆயில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் இடையே இருக்கிறதா என்று கவனித்து, அதன் பின் நடைவேகத்தில் இரண்டு முறை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். இந்தச் சோதனையை அன்பர் தம் இல்லாளை அருகில் அமர்த்திக்கொண்டு, அவர் காலாலேயே மிதிக்கச் செய்வாராயின் மூன்றாவது கேள்விக்கு விடை அவருக்கே கிடைத்துவிடும். பெடல் கெட்டியாக இருக்கிறதா இல்லையா என்பதை அறிய மெக்கானிக் ஆக வேண்டியதில்லை.

ஆயிலைப் பற்றியும் சில சொல். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையது. நம் வண்டிகளில் பெரும்பாலும் வழங்கும் டாட் 4 வகை, புதிதாயிருக்கும்போது 230 டிகிரி சென்டிகிரேடு வரையிலேனும் கொதியாது இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அவ்வரம்பு 155 டிகிரியாகிவிடுகிறது. நீண்ட சரிவில் பிரேக் சூடேறி, பழைய ஆயில் கொதித்துக் குமிழி கண்டால் பெடல் பஞ்சுபோல் அமிழும். பட்டை புதிதாயிருந்தும் பயனில்லை. கடற்காற்று வீசும் ஊரில் இருப்பவர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிக்கொள்வது அவசியம். ஆயிலை மாற்றிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் வேலையை மட்டும் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். அதில் ஒரு குமிழி தங்கிவிட்டாலும் தொல்லை; சில புதிய வண்டிகளில் அதற்குத் தனிக் கருவியும் வேண்டும். டாட் 5 என்ற சிலிக்கோன் வகையை இதோடு கலக்கக் கூடாது.

புதிய பட்டை டிஸ்க்கோடு பொருந்தி வரச் சிறிது காலம் ஆகும். ஆள் நடமாட்டமற்ற சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகக் குறைத்து, சற்று ஓட்டி ஆறவிட்டு, மறுபடியும் அவ்வாறே ஏழெட்டு முறை செய்யுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீரென்று அழுத்திப் பிடிக்கும் நிலை வராதபடி முன்வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள். ஆகையால் புறப்படும் நாளுக்கு முதல் நாள் இரவில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. பத்து நாள் முன்னதாகவே முடித்துவிட்டு, ஊருக்குள் ஓட்டிப் பழகிக்கொள்ள வேண்டும்.

வேலையை வீட்டில் செய்யத் துணியாத அன்பர்கள் பட்டறைக்குப் போகட்டும். ஆனால் அருகில் நின்று பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். கழற்றிய பழைய பட்டைகளை வாங்கி வாருங்கள். வண்டியை எடுக்குமுன் பெடலை நீங்களே மிதித்துப் பாருங்கள். கண்ணில் காட்ட மறுக்கும் இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

மலைச்சரிவில் இறங்கும்போது வேகம் ஏறிய பின் பிரேக்கைத் தேடாமல், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை நம் அன்பர்களில் வயதில் மூத்தவர்கள் அறிவார்கள். பிள்ளைகளுக்கு ஸ்டியரிங்கைக் கொடுக்குமுன் அதைச் சொல்லிக் கொடுங்கள். இஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் உருளவிடும் சிக்கனம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அதனால் பெடலுக்கு உதவும் கருவி சில மிதிகளில் ஓய்ந்துவிடும்.

கோலாப்பூரில் சிற்றுண்டிக்கு நிறுத்துவீர்கள் அல்லவா? இறங்கியவுடன் இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; தொட வேண்டா, சுடும். இரண்டும் ஒரே அளவு வெப்பமாயிருந்தால் நிம்மதியாக இட்லி உண்ணலாம். ஒன்று மட்டும் அனல் வீசி, கருகிய நாற்றமும் வருமாயின் அங்கே பட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இருட்டுமுன் கோலாப்பூரிலேயே மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டுப் புறப்படுங்கள். பெல்காம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டா.